தேடினால் கிடைக்க வேண்டும்: தமிழ் விக்கிப்பீடியாவை நம் கணினியில் ஏற்றிச் சொல்லடைவு அமைக்கும் பாடம்



மாலையில் நம் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தமாக அலைபேசி கிடையாது. வாப்பா வெளிநாட்டில் இருப்பார். வீட்டில் இருப்பது உம்மாவின் ஒரே போன். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் பாடத்துக்கு எதையும் பார்க்க வழியில்லை. டேட்டா இருந்தாலும், ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போன பிள்ளை அரைமணி நேரம் கழித்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அதனால்தான் அன்பளிப்பாக வந்த ஒரு பழைய கணினியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஏற்றி, இணையம் இல்லாமலேயே தேடிப் படிக்கும்படி செய்ய முயன்றோம். அல்ஹம்துலில்லாஹ், அது இப்போது நடக்கிறது. ஆனால் முதல் தடவை நாம் செய்தது தவறாகப் போனது. தவறு எங்கே நடந்தது, எப்படித் திருத்தினோம் என்பதையும் சேர்த்தே இந்தப் பாடத்தில் சொல்கிறோம். வேறு மஹல்லாக்களிலும் மக்தபுகளிலும் இதைச் செய்ய விரும்புவோருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.

தட்டச்ச வேண்டிய கட்டளைகள் ஆங்கில எழுத்தில் இருப்பவை. ஒரு புள்ளி மாறினாலும் வேலை செய்யாது. அவற்றை வரிவரியாக அச்சிட்ட தாள் படிப்பகத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்கிறது, எங்கே கவனம் வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

சொல்லடைவு என்றால் என்ன?

நம் உலமாக்களின் அலமாரியில் ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ என்ற பெரிய நூலைப் பலர் பார்த்திருப்பீர்கள். எகிப்தைச் சேர்ந்த முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகி தொகுத்தது. குர்ஆனில் வரும் ஒரு சொல்லை எடுத்தால், அது எந்த எந்த அத்தியாயத்தில், எந்த வசனத்தில் வருகிறது என்று அதில் வரிசையாக இருக்கும். குர்ஆனை மனனம் செய்யாத ஒருவரும் தமக்கு நினைவிருக்கும் ஒரே சொல்லை வைத்து வசனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதைத்தான் தமிழில் சொல்லடைவு என்கிறோம்.

கணினி செய்வதும் அதே வேலைதான். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒவ்வொரு தேடலுக்கும் முதலிலிருந்து கடைசிவரை படித்தால் பழைய கணினி திணறிவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் படித்து, ‘இந்தச் சொல் இந்த இந்தக் கட்டுரைகளில் இருக்கிறது’ என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு தேடும்போது பட்டியலை மட்டும் பார்க்கிறது. பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அப்துல் பாகியின் நூலில் சொற்கள் மூலஎழுத்துகளின்படி அடுக்கப்பட்டிருக்கும். கிதாப், காதிப், மக்தூப் மூன்றும் காஃப், தா, பா என்ற ஒரே மூலத்தின் கீழ் வரும். தொகுத்தவருக்கு அரபி மொழி தெரியும். கணினிக்குத் தமிழ் தெரியாது. எது சொல், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

முதல் படி: பிரதியை இறக்குவது

விக்கிப்பீடியா 2001-ல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. இதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, ஒவ்வொரு மொழியின் முழுப் பிரதியையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி சுருக்கப்பட்ட கோப்பாக வெளியிட்டு வருகிறது. வழக்கமாக மாதத்துக்கு இரண்டு முறை புதிய பிரதி வரும். அதில் பல கோப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது ‘பக்கங்களும் கட்டுரைகளும்’ என்ற பெயருள்ள ஒன்று மட்டுமே. பழைய திருத்த வரலாறு, பயனர்களின் உரையாடல்கள் எல்லாம் அதில் இருக்காது. படங்களும் இருக்காது. தமிழுக்கு அது சில நூறு எம்.பி. அளவுதான். ஒரு நாள் இரவு இறக்கி வைத்துவிடலாம்.

இறக்கியதும் ஒரு சோதனை கட்டாயம். கோப்புடன் சேர்த்து அதன் ‘சரிபார்ப்புத் தொகை’ வெளியிடப்பட்டிருக்கும். அது கோப்பின் கைரேகை மாதிரி. நம்மிடம் வந்த கோப்புக்கு அதே தொகையைக் கணக்கிட ஒரு வரிக் கட்டளை உண்டு. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். பாதியில் அறுந்த கோப்பும் பல நேரங்களில் பாதிவரை நன்றாகவே திறக்கும். மீதிக் கட்டுரைகள் இல்லை என்பது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும்.

கட்டளை வரி என்றால் பயப்பட வேண்டாம். சுட்டியால் படத்தைத் தொடுவதற்குப் பதிலாக, ஒரு கறுப்புத் திரையில் செய்ய வேண்டியதை எழுதி என்டர் விசையைத் தட்டுகிறோம், அவ்வளவுதான். மளிகைக் கடையில் சீட்டு எழுதிக் கொடுப்பது போல. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ உடைந்தோ தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. திரைக்கு எழுத்துரு போதவில்லை, அவ்வளவே.

இரண்டாம் படி: கட்டுரையைப் பிரித்தெடுப்பது

இறக்கிய கோப்பைத் திறந்து பார்த்தால் சதுர அடைப்புகளும் இரட்டை அடைப்புகளும் நிறைந்திருக்கும். அது விக்கியின் எழுதுமுறை. இந்தக் குறிகளை நீக்கி வெறும் வாசகத்தைத் தர ‘விக்கி எக்ஸ்ட்ராக்டர்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. சுருக்கப்பட்ட கோப்பை விரிக்காமல் அப்படியே வாசிக்கும். ஒரு வரிக்கு ஒரு கட்டுரை என்ற முறையில் எண், தலைப்பு, முகவரி, உரை ஆகிய நான்கையும் ஜேசான் வடிவில் தரும்படி கேட்க வேண்டும். நமக்கு அதுதான் வசதி.

இந்தப் படியில் சில பொருட்கள் நம் கையை விட்டுப் போகின்றன. அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். 

முதலாவது, அட்டவணைகளும் கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் தகவல் பெட்டிகளும் போய்விடும். ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஒரு தனிமத்தின் உருகுநிலையோ பெட்டியில் மட்டும் இருந்தால் நம் பிரதியில் அது இருக்காது. 

இரண்டாவது, வார்ப்புருக்களைக் கொண்டு எழுதிய எண்கள் உதிர்ந்துவிடும். ‘இதன் உயரம்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் எண் இருந்த இடம் வெறுமையாக நிற்கும். சில நேரம் வெற்று அடைப்புக்குறி மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தைப் பிள்ளைகள் கண்டால் ஊகித்து நிரப்பக் கூடாது, பாடப்புத்தகத்தையோ மூலக் கட்டுரையையோ பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். 

மூன்றாவது, வழிமாற்றுப் பக்கங்கள் உள்ளடக்கமாக வருவதில்லை. ஒரே பெயரைப் பலர் பலவிதமாக எழுதுவார்கள் என்பதால், எந்த எழுத்தில் தேடினாலும் சரியான கட்டுரைக்குக் கொண்டுபோய் விடுவது அந்தப் பக்கங்களின் வேலை. அவை இல்லாததால் ஏற்படும் சிரமத்தைக் கீழே சொல்கிறோம்.

மூன்றாம் படி: தரவுத்தளத்தில் ஏற்றுவது

கட்டுரைகளை வைக்க ‘எஸ்கியூலைட்’ என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தினோம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இது இன்று ஏறக்குறைய எல்லா அலைபேசிகளுக்குள்ளும் இருக்கிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டு இன்னொரு ஊருக்கு எடுத்துப் போகலாம். கட்டணமோ உரிமமோ தேவையில்லை. ஜேசான் வரிகளை அதில் ஏற்றுவதற்கு ‘எஸ்கியூலைட் யூடில்ஸ்’ என்ற கட்டளை வரிக் கருவி உதவும். ஒரே கட்டளையில் பட்டியலை உருவாக்கி, கட்டுரைகளை உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிடும். கட்டுரையின் எண்ணையே முதன்மை அடையாளமாகக் கொள்ளும்படி சொல்லுங்கள். தவறுதலாக அதே கட்டுரையை மீண்டும் ஏற்ற முயன்றால் கருவி மறுத்துவிடும், ஒன்று இரண்டாகாது.

தாமாகவே நிரல் எழுதி ஏற்ற விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாக ‘எழுதி முடித்தேன்’ என்று உறுதிசெய்தால் பழைய வன்தட்டில் நொடிக்குச் சில பத்துக் கட்டுரைகள்தான் ஏறும். வசூல் கணக்கு எழுதுபவர் ஒவ்வொரு ரசீதுக்கும் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து பூட்டுவது போன்றது அது. ஆயிரம் கட்டுரைகளை ஒரு கட்டாகச் சேர்த்து ஒரே முறை உறுதிசெய்யுங்கள். மணிக்கணக்கு நிமிடங்களாகக் குறையும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றாமல், முதலில் ஆயிரம் கட்டுரைகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் அந்த ஆயிரத்தில் முடித்து, சரி என்று கண்டபின் முழுவதையும் ஏற்றுங்கள். நாம் அப்படிச் செய்யவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தோம்.

நான்காம் படி: சொல்லடைவு, நாம் செய்த தவறு

எஸ்கியூலைட்டுக்குள்ளேயே ‘எஃப்.டி.எஸ். 5’ என்ற தேடல் பகுதி இருக்கிறது. அதற்குக் கட்டுரைப் பட்டியலைக் காட்டினால் சொல்லடைவை உருவாக்கிவிடும். நாமும் வேறெதையும் குறிப்பிடாமல் உருவாக்கினோம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஒரு சொல்லைத் தேடினோம், நொடியில் பதில்கள் வந்தன. முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் கொடுத்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து, செவிலியர் படிப்புக்குத் தயாராகிவரும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, “காக்கா, நோய்னு தேடுனா நாயும் நெய்யும் வருதே” என்றார். போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். ‘கூலி’ என்று தேடினால் காலி, கேலி, கொலை எல்லாம் வந்து நின்றன.

காரணம் இதுதான். கணினியில் ‘நோ’ என்பது ஒரே எழுத்தாக இல்லை. ‘ந’ என்ற எழுத்து ஒன்று, அதன்மேல் ஏறும் ஓகாரக் குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. ‘ய்’ என்பதும் ‘ய’ ஒன்று, புள்ளி ஒன்று. எஃப்.டி.எஸ். 5-இன் இயல்பான சொல்பிரிப்பான், எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடு வகைப்பாட்டில் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. எனவே அவற்றை இடைவெளியைப் போலவே கருதி அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. ‘நோய்’ என்பது ‘ந’, ‘ய’ என்ற இரு துண்டுகளாகிறது. ‘நாய்’ என்பதும் ‘நெய்’ என்பதும் அதே இரு துண்டுகள். கணினிக்கு மூன்றும் ஒன்றே.

அரபியில் உயிர்க்குறி இல்லாமல் எழுதினாலும் தெரிந்தவர் படித்துவிடுவார். தமிழில் குறியை எடுத்துவிட்டால் நோயும் நாயும் ஒன்றாகிவிடும். ஜபர், ஜேர், பேஷ் இட்டு எழுதிய அரபி வாசகத்துக்கும் இந்தச் சொல்பிரிப்பானிடம் இதே கதிதான். அவற்றையும் அது குறிகள் என்று வெட்டிவிடும். அரபிப் பாடங்களை ஏற்ற நினைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

திருத்தம் எளிது. சொல்லடைவை உருவாக்கும் கட்டளையில், ‘எழுத்து, எண் ஆகியவற்றுடன் இரண்டு வகைக் குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்’ என்று சேர்க்க வேண்டும். யூனிகோடில் அவ்வகைகளுக்கு ‘எம்-என்’, ‘எம்-சி’ என்று பெயர். தமிழுக்கு இரண்டுமே தேவை. புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகையில் இருக்கின்றன. காலும் கொம்பும் இரண்டாம் வகையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதித் தவறு அப்படியே நிற்கும். தாளில் இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறோம்.

பழைய சொல்லடைவை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினோம். நோய் நோயாகவும் நாய் நாயாகவும் ஆனது.

இதில் நம்மைச் சுட்டது ஒன்று. அந்த மாணவி சொல்லியிருக்காவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. பிழைச் செய்தி இல்லை, தேடினால் ஏதோ வருகிறது, வேகமாகவும் வருகிறது என்பதை வைத்துச் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பொருள் அமானத். நிறுத்துப் பார்க்காமல் கொடுத்தது நம் தவறு.

ஐந்தாம் படி: தமிழில் தேடும் முறை

சொல்லடைவு சரியாக இருந்தாலும், தேடுபவருக்கும் சில பழக்கங்கள் வேண்டும். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

வேற்றுமை உருபுகள்: ‘பள்ளிவாசல்’ என்று தேடினால் அந்தச் சொல் அப்படியே இருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். பள்ளிவாசலில், பள்ளிவாசலுக்கு, பள்ளிவாசலின் என்று இருப்பவை வராது. சொல்லின் முன்பகுதியை எழுதி இறுதியில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வரும். ஆனால் கடைசிப் புள்ளியை விட்டுவிட வேண்டும். ‘பள்ளிவாசல*’ என்று எழுதுங்கள். ‘பள்ளிவாசல்*’ என்று புள்ளியோடு எழுதினால், பள்ளிவாசலில் என்பதில் ‘ல்’ இல்லை, ‘லி’ தானே இருக்கிறது? அதனால் அது கிடைக்காது.

திரியும் சொற்கள்: ‘குளம்’ என்பது ‘குளத்தில்’ என்றாகும்போது மகரம் போய்விடுகிறது. ‘குள*’ என்று சுருக்கினால் குளவியும் குளிரும் வந்துவிடும். இரண்டு வடிவங்களையும் கொடுத்து ‘இது அல்லது அது’ என்று தேடுவதே நல்லது. ‘குளம்’ ஒன்று, ‘குளத்*’ ஒன்று. அல்லது என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும்.

எழுத்து வேறுபாடு: நம் வீடுகளில் இது அதிகம். ரமலான், ரமழான், ரமளான், ரமதான். ஜகாத், ஸகாத், சகாத். முஹம்மது, முகம்மது, முகமது. மஸ்ஜித், மசூதி, பள்ளிவாசல். நம் நாவில் இருக்கும் வடிவம்தான் கட்டுரையிலும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதுவோரும் நிறைய உண்டு. மூலத்தில் இந்த வேலையைச் செய்யும் வழிமாற்றுப் பக்கங்கள் நம் பிரதியில் இல்லை. அதனால் இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு சிறு பட்டியல் தயாரித்து, ஒன்றைத் தேடினால் மற்றவற்றையும் சேர்த்துத் தேடும்படி வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்தவற்றை எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

ஒட்டிவரும் சொற்கள்: ‘நோய*’ என்று தேடினால் நோய், நோயாளி, நோயின் எல்லாம் வரும். ஆனால் ‘தொழுநோய்’, ‘காசநோய்’ என்று சேர்த்து எழுதியவை வராது. அவை ‘தொ’விலும் ‘கா’விலும் தொடங்குகின்றன. இதற்கு இன்னொரு வகைச் சொல்லடைவு உண்டு. வாசகத்தை மூன்று மூன்று குறியீடுகளாக நறுக்கிப் பட்டியலிடும். சொல்லின் நடுவிலும் கண்டுபிடிக்கும். ஆனால் அது பெரிய இடத்தைப் பிடிக்கும். மூன்று குறியீடுகளுக்குக் குறைந்த ‘தீ’ போன்ற சொற்களைத் தேட முடியாது. நாம் இரண்டையும் வைத்திருக்கிறோம். முதலாவதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதில் தேடச் சொல்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு: ‘கொ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியாகவும் தட்டச்சலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் தட்டச்சலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. தேடும் சொல்லை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: கொடுப்பதற்கு முன் நிறுத்துப் பார்ப்பது

இப்போது நாம் கடைப்பிடிக்கும் சோதனை இது. நமக்கு நன்றாகத் தெரிந்த இருபது சொற்களை ஒரு தாளில் எழுதுகிறோம். ஊர்ப் பெயர், நோயின் பெயர், பாடத்தில் வரும் அறிவியல் சொல், அறிஞர் பெயர் என்று கலந்து இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் சொல்லடைவில் தேடி, எத்தனை கட்டுரைகள் வந்தன என்று குறிக்கிறோம். பிறகு அதே சொல்லைச் சொல்லடைவு இல்லாமல், எல்லாக் கட்டுரைகளையும் வரிவரியாகத் துழாவும் மெதுவான முறையில் தேடுகிறோம். பழைய கணினியில் ஒரு சொல்லுக்குச் சற்று நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இரண்டு எண்களும் பெரிதும் வேறுபட்டால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் நகர்வதில்லை. சொல்லடைவில் கூடுதலாக வந்தால், நாயும் நோயும் கலந்ததுபோல ஏதோ கலந்திருக்கிறது. குறைவாக வந்தால், உருபோ ஒட்டுச் சொல்லோ காரணமாக இருக்கும், அல்லது ஏற்றும்போது எதுவோ விடுபட்டிருக்கும்.

இந்தச் சோதனையை வேலை செய்தவரே செய்யக் கூடாது, இன்னொருவர் செய்ய வேண்டும். நம் படிப்பகத்தில் அந்தப் பொறுப்பை அதே மாணவியிடம் கொடுத்திருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய பிரதியை ஏற்றுகிறோம். ஏற்றியபின் சொல்லடைவையும் மறுபடி கட்ட வேண்டும். நாம் அமைத்த முறையில் கட்டுரைகள் தனி, சொல்லடைவு தனி. கட்டுரையைச் சேர்த்துவிட்டுச் சொல்லடைவைப் புதுப்பிக்க மறந்தால், கட்டுரை உள்ளே இருக்கும், தேடினால் கிடைக்காது. எந்தத் தேதியின் பிரதி என்பதைத் திரையின் மேலே எழுதி வைத்திருக்கிறோம். நேற்று நடந்ததை இதில் தேடக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

விக்கிப்பீடியாவின் உரைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், பகிரலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், நாம் மாற்றி வெளியிட்டால் அதையும் பிறர் அதே உரிமையோடு பயன்படுத்த விட வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அதன் மூல முகவரி வரும்படி செய்திருக்கிறோம். பிறர் உழைப்பை எடுக்கும்போது அவர் பெயரைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் ஒரு ஹதீஸையும் ஏற்காத மரபு நம்முடையது.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தேடும் வசதியோடு ஆயத்தமாகத் தொகுத்த விக்கிப்பீடியா கோப்பை இறக்கித் திறந்தாலே போதும். வீட்டுக் கணினிக்கு அதையே பரிந்துரைக்கிறோம். நம் படிப்பகத்தின் பாடக் குறிப்புகளையும் விக்கிக் கட்டுரைகளையும் ஒரே தேடலில் கொண்டுவர நினைத்ததால்தான் நாம் இந்த வழியில் போனோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

விக்கிப்பீடியா யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற முறையில் வளர்வது. நல்ல கட்டுரைகள் ஏராளம். அரைகுறையானவையும் உண்டு. கேட்ட செய்தியைத் தீர விசாரித்து அறியும்படி சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம் நமக்குக் கற்பிக்கிறது. படித்த செய்திக்கும் அது பொருந்தும். மார்க்கச் சட்டத்துக்கு இந்தக் கணினியை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், ஆலிம்களைக் கேளுங்கள். மருந்துக்கும் அளவுக்கும் மருத்துவரைக் கேளுங்கள். பாடத்துக்கு ஒரு துணையாக, மேலும் படிக்க ஒரு வாசலாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்லுங்கள். தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், உலகத்தில் அப்படி ஒன்று இல்லை என்று ஆகாது. நாம் வைத்த சொல்லடைவில் அது விழவில்லை, அல்லது நாம் கேட்ட விதம் சரியில்லை, அவ்வளவுதான். சொல்லை மாற்றிக் கேளுங்கள், ஆசிரியரைக் கேளுங்கள், நூலகத்தில் பாருங்கள். தேடினால் தப்பான பதில் வருகிறது என்று தோன்றினாலும் தயங்காமல் வந்து சொல்லுங்கள். அப்படி ஒரு பிள்ளை தயக்கத்தை விட்டு வந்து சொன்னதால்தான் இன்று மற்ற பிள்ளைகளுக்குச் சரியான பதில் கிடைக்கிறது.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களும் சகோதரிகளும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் படிப்பகத்துக்கு வாருங்கள். ஆயிரம் கட்டுரைகள் அடங்கிய சிறு பிரதி ஒன்று பயிற்சிக்காகத் தயாராக இருக்கிறது. அதில் எத்தனை முறை தவறினாலும் நஷ்டமில்லை. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய கணினி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், சரிசெய்து இன்னொரு மக்தபுக்குக் கொடுப்போம்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அதிகப்படுத்துவானாக. இதில் உழைத்தவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.